கடல்நீர் பட்ட மென்சவ்வு

சுலோஜனாவும் றிக்சனும் ஒருவரோடொருவர் நேரே கதைப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். ஆனால் வேலை நின்றுவிட முடியாதே. ஒரே ஆய்வுகூடம், ஒரே ஒவன், ஒரே சோதனை மேசை. ஆகவே பேச்செல்லாம் றஹ்மாவின் வழியாகப் போய் வந்தது.

"றஹ்மா மிஸ், ஒவன் எப்ப ஒழியும் எண்டு கேளுங்கோ."

"றஹ்மா மிஸ், ஒவனுக்குக் கண்ணாடிக் கதவு இருக்கு, கண் உள்ளவை எட்டிப் பார்க்கலாம் எண்டு சொல்லுங்கோ."

கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில் நின்றுகொண்டுதான் இரண்டு பேரும் இப்படிச் சொல்லியனுப்பினார்கள். றஹ்மா ஆய்வுகூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர். கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர், இருவரையும்விட மூத்தவர், பொறுமைசாலி. அந்தப் பொறுமையும் சில நாட்களில் கிழிந்துவிடும்.

"நான் என்ன புள்ள, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தொங்குற தபால் பெட்டியா?"

ஆய்வு நிலையம் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்தது. யன்னலைத் திறந்தால் கப்பல்களின் எண்ணெய் மணமும் உப்புக் காற்றும் உள்ளே வந்துவிடும். அங்கே நடந்த வேலை ஒன்றுதான். மீன்பிடி வள்ளங்களின் விளக்குக்கும் வானொலிக்கும் மின்சாரம் கொடுக்கும் சின்ன எரிபொருள் கலம் ஒன்றைச் செய்வது. கலத்தின் ஒரு பக்கம் ஐதரசன், மறுபக்கம் காற்று, நடுவே பாற்கஞ்சி ஆடைபோல மெல்லிய ஒரு பல்பகுதிய (பொலிமர்) மென்சவ்வு. கலத்தின் உயிர் அந்தச் சவ்வில்தான் இருந்தது. அது புரோத்தனை மட்டும் தன்னூடாகப் போக விடவேண்டும், வாயுவை விடக்கூடாது. ஈரமாக இருந்தால்தான் வழிவிடும். காய்ந்தால் அடம்பிடிக்கும். சூடு ஏறினால் பொங்கிக் கிழியும். வெளிநாட்டிலிருந்து வாங்குகிற சவ்வு நல்லதுதான், ஆனால் அதை நம்பி எந்த மீனவரும் வள்ளத்தில் கலம் பூட்டப்போவதில்லை. மலிவான ஒன்றை இங்கேயே செய்யவேண்டும்.

செய்வதற்கு இரண்டு வழிகள் முன்னால் இருந்தன. சுலோஜனா புல்மோட்டைக் கறுப்பு மணலிலிருந்து தைத்தேனியம் ஈரொட்சைட்டைப் பிரித்து, மாவிலும் மெல்லிய பொடியாக்கி, பல்பகுதியக் கரைசலில் கலந்து வார்த்தாள். அந்தப் பொடி தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், சவ்வு இலகுவில் காயாது. றிக்சன் அதே பல்பகுதியத்தை மெல்லிய வலைத் துணி ஒன்றில் ஊறவைத்து வார்த்தான். துணி பிடித்துக்கொண்டிருப்பதால் சவ்வு கிழியாது என்பது அவன் கணக்கு.

கொழும்பில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் சுலோஜனா பேசி முடித்ததும் பின்வரிசையிலிருந்து றிக்சன் எழும்பி, "மணலை அரிச்சுப் போட்டாச் சவ்வு வருமெண்டா, புல்மோட்டைச் சனமெல்லாம் விஞ்ஞானியள்தான்" என்றான். மண்டபம் சிரித்தது. அவள் மேடையிலேயே திருப்பிக் கொடுத்தாள். "கிழிஞ்ச சாரத்துக்கு ஒட்டுப் போடுறவையும் விஞ்ஞானியள்தான்." அதற்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அன்றோடு கதை நின்றது.

இப்போது நிலைமை இன்னும் மோசம். கொழும்பிலிருந்து மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது. இரண்டு சவ்வுகளில் ஒன்றைத்தான் தொடர விடுவார்கள். மற்றதைச் செய்தவருடைய ஒப்பந்தம் மார்கழியோடு முடிந்துவிடும். சுலோஜனாவுக்கு அந்தச் சவ்வைவிட வேறு ஒன்றும் இல்லை. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் சவ்வைக் காட்டித்தான் அம்மாவிடம் தவணை வாங்கியிருந்தாள்.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் நிலையத்தில் வாணிவிழா வந்தது.

பணிப்பாளர் பாக்கியரத்தினம் ஒவ்வொரு வருடமும் அதை வீட்டு விசேஷம்போல நடத்துவார். வாசலில் கட்டிய வாழையை அன்று மத்தியானமே நகரத்துத் தெருக்களில் திரியும் மான்கள் வந்து பாதி தின்றுவிட்டன. அதைப் பார்த்து அவர் கோபிக்கவுமில்லை. விடியக் கடலில் முழுகி, ஒரு செம்பில் கடல்நீர் அள்ளி வந்து, மஞ்சள் கரைத்து, மாவிலையை இட்டு வைத்திருந்தார். ஆய்வுகூடத்து மேசையில் வாணி படம். முன்னால் தராசு, நுணுக்குக்காட்டி, புத்தகங்கள். சுலோஜனா தன்னுடைய சவ்வுகள் ஊறிக்கொண்டிருந்த கண்ணாடித் தட்டையும் கொண்டுவந்து வைத்தாள்.

"இவர்ட தட்டையும் வெக்கவா புள்ள? எடம் இருக்கு" என்றார் றஹ்மா.

"அவருக்கு என்னத்துக்கு மிஸ் வாணி? அவர் மாதாவிட்டக் கேக்கட்டும்."

றிக்சன் வாசல் நிலையில் சாய்ந்து நின்று அவலும் கடலையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேட்டாச்சு, றஹ்மா மிஸ். மூடியைப் போட்டு வைக்கட்டாம் எண்டு மாதா சொன்னவ."

கொழுப்பு என்று சுலோஜனா நினைத்துக்கொண்டாள். தட்டில் கிடந்த மூடியையும் எடுத்து அப்பால் வைத்தாள். "மூடி போட்டா அருள் எப்பிடி உள்ளுக்குப் போகும்?"

"பிள்ளை சொல்லுறது சரி" என்றார் பாக்கியரத்தினம். மாவிலையைச் செம்பில் தோய்த்து எல்லாவற்றின் மேலும் தெளித்தார். சுலோஜனாவின் தட்டுக்கு வந்ததும் நின்றார். அவள் சவ்வுதான் வெல்லவேண்டும் என்று அவருக்கு ஆசை. செம்பைச் சாய்த்துக் கையால் அள்ளியே விட்டார். "வாணி உமக்குத் துணை நிப்பா." சவ்வுகளே தேன் நிறம். மஞ்சள் விழுந்தது யாருக்கும் தெரியவில்லை.

பூசையில் வைத்ததை விஜயதசமிக் காலை வரை தொடக்கூடாது. கடைசியாகக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டுபோனது றிக்சன்.

காலையில் சுலோஜனா ஒரு சவ்வை எடுத்துக் கடத்துதிறன் பார்த்தாள். கருவி காட்டிய எண்ணைக் கண்டு கம்பியைக் கழற்றி மீண்டும் பூட்டினாள். அதே எண். அடுத்த சவ்வு, அதற்கடுத்தது. வழக்கமாகக் காட்டுவதில் கால்பங்குகூட இல்லை. குழு நாளைக்கு வருகிறது.

தலையைத் தூக்கினாள். எதிரில் றிக்சன் விசில் அடித்தபடி தன் கலத்தின் ஆணிகளை முறுக்கிக்கொண்டிருந்தான்.

அவள் நேரே பணிப்பாளரின் அறைக்குப் போனாள். "சேர், ஆரோ என்ட சவ்வில கை வச்சிருக்கினம். திறப்பு ஆரிட்ட இருந்ததெண்டு உங்களுக்குத் தெரியும்."

பாக்கியரத்தினம் எல்லோரையும் கூப்பிட்டார். றிக்சன் ஸ்பானரோடு வந்து நின்றான்.

"நான் ஒண்டையும் தொடயில்லை சேர்."

"தொடாமல் பழுதாகுமோ? பூசையில வச்ச சாமான் ஐசே அது!" என்றார் பாக்கியரத்தினம்.

"பூசையில வச்சபடியாத்தான்..." என்று தொடங்கியவன் பணிப்பாளரின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

"திறப்பை இதில வையும். குழு போன பிறகு விசாரணை."

றிக்சன் திறப்பை மேசையில் போட்டான். போட்ட சத்தத்தில் றஹ்மா திடுக்கிட்டார். வெளியே வரும்போது அவர் சுலோஜனாவின் காதருகே, "கண்ணால கண்டியா புள்ள? காணாம ஒருத்தர்ட பேர எடுக்கிறது பாவம்" என்றார். சுலோஜனா காது கொடுக்கவில்லை.

அவளுக்கு அத்தாட்சி வேண்டியிருந்தது. சவ்வின் ஓரத்தை வெட்டிச் சுவாலையில் பிடித்தாள். பளீரென்று மஞ்சள் சுவாலை. சோடியம்! உப்புப் போட்டிருக்கிறான். சவ்வில் புரோத்தன் இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் சோடியம் ஏறி உட்கார்ந்துகொண்டால் பிறகு எப்படி வழி கிடைக்கும்? அவளுக்கு ஒரு விதத்தில் சந்தோஷமாகவே இருந்தது. அவன் அகப்பட்டான்.

சவ்வுகளை வேறு தட்டுக்கு மாற்றிவிட்டு, ஊறிய தண்ணீரில் கொஞ்சத்தைச் சாட்சிக்கு எடுத்து வைத்தாள். மிச்சத்தை ஊற்றப் போனாள். எந்தத் தண்ணீரானாலும் தொட்டியில் ஊற்றுமுன் சலவைச் சோடா போட்டு அமிலத்தை ஆற்றுவது அந்த ஆய்வுகூடத்தின் வழக்கம். கை தானாக ஒரு கரண்டி சோடாவைப் போட்டது.

தண்ணீர் சிவந்தது.

அவள் அப்படியே நின்றாள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் வருகிற சிவப்பு. மணமக்களை வாசலில் மறித்து ஆலாத்தி எடுக்கிற தட்டில் தெரிகிற சிவப்பு. அது என்ன என்று எந்தத் தமிழ்ப் பெண்ணுக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் மஞ்சள் இருக்கிறது. மஞ்சள் கரைத்த செம்பில் இருந்தது கடல்நீர். மூடியைத் திறந்து வைத்தது அவளுடைய கை.

கதிரையை இழுத்து இருந்தாள். யாருக்கும் சொல்லாமல் விட்டால் என்ன? சவ்வை ஐதான சல்பூரிக்கமிலத்தில் கொதிக்க வைத்தால் சோடியம் இறங்கிப் புரோத்தன் திரும்ப ஏறிவிடும். அமிலம் இருக்கிறது. ஆனால் மீண்டதா என்று கருவியில் மட்டும் பார்த்தால் போதாது, வாயு விட்டுக் கலத்தில் பூட்டிப் பார்க்கவேண்டும். சோதனை மேசை இன்றைக்கு முழுவதும் றிக்சனுடைய முறை. அவன் பூட்டினால்தான் வாயு ஒழுகாது. அதுவும் ஊரறிந்த விஷயம்.

றஹ்மா தொழுகைக்குப் போயிருந்தார். இன்று தபால் பெட்டியும் இல்லை.

"எனக்குச் சோதனை மேசை வேணும்" என்றாள் சுவரைப் பார்த்து.

"சுவரிட்டயோ கேக்கிறீங்கள்?"

அவள் திரும்பினாள். "உங்களிட்டத்தான். சவ்வில கடல் தண்ணி பட்டிருக்கு. தீர்த்தம்."

"தெரியும்."

"தெரியுமோ? தெரிஞ்சுகொண்டோ நிண்டனீங்கள்?"

"மூடியைப் போடச் சொன்னனான்."

"அது சொல்லுற மாதிரியோ? நக்கல் அடிச்சனீங்கள்!"

"நீங்கள் கேக்கிற மாதிரி நிண்டனீங்களோ? நான் நல்லாச் சொல்லியிருந்தாலும் மூடியைத் திறந்துதான் வச்சிருப்பீங்கள்."

அது உண்மை என்பதால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. "சேரிட்டையாவது சொல்லியிருக்கலாமே."

"மாதாவைக் கும்பிடுற வேதக்காரன் ஒருத்தன் எழும்பி, தீர்த்தம்தான் பழுதாக்கினது எண்டு சொன்னா, உங்கட சேர் என்னை இந்த வாசலால திரும்ப ஏற விடுவாரோ? திறப்போட போனதே போதும்."

வெளியே ஒரு கப்பல் நீளமாக ஊதியது. அவன் மேசையிலிருந்த தன் கலத்தைக் கழற்றி ஒரு பக்கம் வைத்தான்.

"மேசையைத் தாறன்" என்றான் றிக்சன். "பூட்டியும் தாறன். ஆனா என்ட திறப்பை எல்லாருக்கும் முன்னால வாங்கினவை, எல்லாருக்கும் முன்னாலதான் தரவேணும். நாளைக்கு, கொழும்பு ஆக்கள் இருக்கேக்க. என்ன நடந்ததெண்டு நீங்கள் வாயால சொல்லவேணும்."

"சொன்னா சேர் என்னைச் சும்மா விடுவாரோ?"

"என்னைச் சும்மா விட்டவரோ?"

அவள் போய் அமிலப் போத்தலை எடுத்தாள்.

பின்னேரம் முழுவதும் முகவையில் சவ்வுகள் கொதித்தன. காய்ச்சி வடித்த நீரில் திரும்பத் திரும்பக் கழுவினாள். றிக்சன் ஒன்றை வாங்கிக் கலத்தின் இரண்டு தட்டுகளுக்கும் நடுவே வைத்து, மூலைக்கு மூலை மாற்றி ஆணிகளை முறுக்கினான். வேண்டுமென்றே ஒரு ஆணியைக் கூட இறுக்கினால் சவ்வு நசிந்துவிடும். அவள் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணை எடுங்கோ. உங்கட சவ்வை நசிச்சு நான் வெல்லத் தேவையில்லை. அது தானாத் தோற்கும்."

தோற்கவில்லை. கடத்துதிறன் பழைய இடத்துக்கு மிக அருகில் வந்து நின்றது. அவன் எண்ணைப் படித்துச் சொல்லிவிட்டு, வாழ்த்தாமல் போய்விட்டான்.

மறுநாள் குழுவின் தலைவியாக வந்தவர் கலாநிதி ஷாமிலா. கொழும்புக்காரர். தேநீர் குடிக்காமலே வேலையைத் தொடங்குகிறவர். சுலோஜனா தன் எண்களைக் காட்டினாள். இடையில் ஒரு நாள் விழுந்து எழும்பியிருந்ததை ஷாமிலாவின் விரல் உடனே தொட்டது.

"இது என்ன?"

"தண்ணியில சின்னக் கலப்படம் ஒண்டு" என்று பாக்கியரத்தினம் முந்திக்கொண்டார். "திருத்தியாச்சு."

றிக்சன் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் அவளைப் பார்க்காமல் நின்றதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"வாணிவிழாவில தெளிச்ச தீர்த்தம், மிஸ்" என்றாள் சுலோஜனா. "கடல் தண்ணி. மூடியைத் திறந்து வச்சது நான். றிக்சன் கை வச்சவர் எண்டு நான் சேரிட்டச் சொன்னது பிழை. அவரின்ட திறப்பை வாங்கி வச்சிருக்கு. அதைக் குடுக்கவேணும்."

பாக்கியரத்தினத்தின் கழுத்து சிவந்தது. "என்ன பிள்ளை கதைக்கிறீர்? தீர்த்தத்தால ஒண்டும் பழுதாகாது. இத்தினை வருசமா நான் தெளிக்கிறன்."

"தராசுக்கும் புத்தகத்துக்கும் பழுதில்லை சேர். சவ்வுக்குப் பழுது."

"அப்ப நான்தான் பழுதாக்கினனான் எண்டுறீர்?"

ஷாமிலா பேனையை மூடினார்.

"யார் தெளிச்சதுன்னு எனக்குத் தேவையில்ல. இந்தக் கலத்த எங்க பூட்டப் போறீங்க?"

"மீன்பிடி வள்ளத்தில" என்றார் பணிப்பாளர்.

"வள்ளத்துல தினமும் கடல் தண்ணி தெறிக்கும். அத ஒருத்தருமே இதுவரைக்கும் சோதிச்சுப் பாக்கலயா?"

இல்லை. வடித்த நீரிலும் சுத்தமான வாயுவிலும் மட்டுமே இரண்டு சவ்வையும் வளர்த்திருந்தார்கள், யன்னலுக்கு வெளியே கடலை வைத்துக்கொண்டு.

"இவங்கட சவ்வு கடல் தண்ணியில விழுந்து எழும்பியிருக்கு. மத்தது?"

றிக்சன் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய் உள்துறைமுகத்து நீரை அள்ளி வந்தான். தன் சவ்வைத் தானே அதில் போட்டான். பிறகு அமிலத்தில் கொதிக்க வைத்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போக, அவனும் சுலோஜனாவும் முகவையின் இரண்டு பக்கமும் சாப்பிடாமல் நின்றார்கள்.

முதலில் ஒரு கொப்புளம் எழும்பியது. பிறகு பக்கத்தில் இன்னொன்று. பல்பகுதியம் பொங்கியது, வலைத்துணி பொங்கவில்லை. இரண்டும் ஒன்றையொன்று விட்டுக் கழன்றன. சுலோஜனா எத்தனையோ நாள் மனதுக்குள் கேட்டு வைத்திருந்த காட்சிதான் அது. கண்முன்னால் நடந்தபோது பார்த்துக்கொண்டு நிற்க அந்தரமாக இருந்தது.

"சிரிச்சுப்போட்டுப் போங்கோ" என்றான் அவன்.

"சிரிக்க நேரமில்லை."

ஷாமிலா வந்ததும் றிக்சன் அந்தச் சவ்வைச் சாமணத்தால் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். ஒளிக்கவில்லை. "கழண்டிட்டுது, மிஸ். இது வள்ளத்துக்குச் சரிவராது."

சுலோஜனாவின் சவ்வு தொடரும் என்று குழு முடிவு சொன்னது. இனிமேல் உப்புநீர்ச் சோதனைதான் முதல் வேலை. அவள் மூச்சை விட்டாள். விட்ட மூச்சைத் திரும்ப இழுக்குமுன் பாக்கியரத்தினம் தொண்டையைச் செருமினார்.

"சவ்வு தொடரும். ஆர் செய்யிறது எண்டதை நிலையம் பார்த்துக்கொள்ளும். றிக்சன், நீர் எடுத்துச் செய்யும். கட்டுப்பாடு தெரிஞ்ச ஆள்தான் எனக்கு வேணும்." மேசை லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்து அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

சுலோஜனா உண்மையைச் சொல்லி வென்றதை, சொன்னதற்காகவே பறிக்கிறார். ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறவர் அவர்தான்.

றிக்சன் திறப்பை எடுத்து விரலில் ஒரு முறை சுற்றினான்.

"ஏலாது சேர்."

"என்ன?"

"இவவின்ட சவ்வை நான் வார்த்து, அது பிழையாப் போனா, இவ எங்கயாவது நிண்டு சிரிப்பா. அந்தச் சிரிப்பை என்னால கேக்க ஏலாது. சரிவந்தாலும் இவவின்ட பேர்தான். எனக்கு ரெண்டாலயும் நட்டம்." ஷாமிலாவின் பக்கம் திரும்பினான். "இந்தப் பொடியை எப்பிடிக் கலக்கிறதெண்டு இவவுக்கு மட்டும்தான் தெரியும் மிஸ். ஒருத்தருக்கும் சொல்லிக் குடுக்கவுமில்லை. அவ்வளவு பொல்லாத மனுசி."

"அப்போ அவங்களே செய்யட்டும்" என்று ஷாமிலா எழுதிக்கொண்டார். "நான் அவங்க பேரையே போடுறன்."

பாக்கியரத்தினம் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். அன்று தொடங்கி அவர் சுலோஜனாவைப் 'பிள்ளை' என்று கூப்பிடவில்லை.

குழுவின் வாகனம் புறப்பட்டதும் சுலோஜனா வாளியை எடுத்துக்கொண்டு படியால் இறங்கினாள். சோதனைக்குக் கடல்நீர் வேண்டும். நாளைக்கு என்று விட அவளுக்கு மனமில்லை. இறங்குதுறையில் குனிந்து வாளியைச் சாய்க்கும்போது பின்னால் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. றிக்சன், முதுகில் பையோடு.

"கரைத் தண்ணியை அள்ளிப்போட்டு, பிறகு சவ்வு செத்துப்போச்செண்டு அதுக்கும் என்ட பேரைச் சொல்லாதேங்கோ. எண்ணெய் மிதக்குது."

"உங்கட வேலையைப் பாருங்கோ!"

"மார்கழி வரைக்கும் இதுதான் என்ட வேலை."

அவன் போய்விட்டான். அவள் வாளிக்கு மேல் குனிந்து பார்த்தாள். கப்பல்களிலிருந்து வழிந்த எண்ணெய் தண்ணீரின் மேல் ஊதாவும் பச்சையுமாக ஆடிக்கொண்டிருந்தது. அந்த முரட்டு வாயை மனதுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே வாளியைக் கவிழ்த்துவிட்டு, துறையின் கடைசி வரை நடந்துபோய், தண்ணீர் ஆழமாகவும் தெளிவாகவும் இருந்த இடத்தில் அள்ளினாள்.